டிஸ்சார்ஜ் தாளில் 'சிவியர்' என்று இருந்தால் எவ்வளவு பயப்படணும்?

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அம்மைக்கு 62 வயது. நாலு படி ஏறினாலே இளைப்பு, முகமெல்லாம் வெளிறிப் போச்சு என்று திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரும்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'சிவியர் அனீமியா' (ரத்தசோகை), 'அக்யூட் கேஸ்ட்ரைட்டிஸ்' (இரைப்பையின் உள்பக்கத்தில் அழற்சி), எக்கோவில் 'மைல்ட் எம்ஆர்' என்று இருக்கிறது. ஹீமோகுளோபின் 7.4. தாளைப் போட்டோ எடுத்து துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப, அவர் போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார். சிவியருக்கும் 'கடுமையான' என்று வந்திருக்கிறது, அக்யூட்டுக்கும் 'கடுமையான' என்றே வந்திருக்கிறது. அம்மைக்கு ரெண்டு பெரிய நோய் என்று அவருக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. இப்போது தம்பியின் கேள்வி ரெண்டு: இது உயிருக்கு ஆபத்தா? அண்ணன் லீவு கேட்டு எழுதும்போது கம்பெனிக்கு எந்த வார்த்தையைப் போடணும்?

முதலில் அந்த அக்யூட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அது காலத்தைச் சொல்கிற வார்த்தை. திடீரென்று, கொஞ்ச நாளைக்குள் வந்தது என்று அர்த்தம். அதற்கு எதிர்ப்பதம் க்ரானிக், அதாவது நாள்பட்டது. சளி இறங்கி ரெண்டு வாரம் இருமினால் அதையும் அக்யூட் பிராங்கைட்டிஸ் என்றுதான் எழுதுவார்கள், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சிவியர் சொல்வது அளவை. அதற்கு எதிர்ப்பதம் மைல்ட், நடுவில் மாடரேட். ஒன்று 'எப்போ வந்தது' என்பதற்குப் பதில், இன்னொன்று 'எவ்வளவு இருக்கு' என்பதற்குப் பதில், அதனால் ரெண்டும் ஒரே நோயில் சேர்ந்தும் வரலாம். அங்கன்வாடியில் குழந்தையின் மேல்கையை ஒரு நாடாவால் அளப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் 'சிவியர் அக்யூட் மால்நியூட்ரிஷன்' என்று பதிவார்கள். சமீபத்தில் ஏற்பட்ட மெலிவு, அதுவும் அளவில் உச்சம் என்று ரெண்டையும் சேர்த்தே அது சொல்கிறது. போன் மொழிபெயர்ப்பில் இந்த வித்தியாசம் அப்படியே காணாமல் போய்விடுகிறது, உங்கள் அண்ணன் பயந்ததில் தப்பே இல்லை.

சரி, சிவியருக்கு வருவோம். டாக்டர் தாளில் எழுதும் சிவியர் பெரும்பாலும் ஓர் அளவுகோலில் இருக்கும் கோடு. ரத்தசோகைக்கு உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டு வைத்திருக்கிறது: கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே வந்தால் ரத்தசோகை, 11-லிருந்து 11.9 வரை மைல்ட், 8-லிருந்து 10.9 வரை மாடரேட், 8-க்குக் கீழே சிவியர். உங்கள் அம்மைக்கு 7.4, அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது, அதனால் அப்படி எழுதியிருக்கிறார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். கர்ப்பிணிகளுக்கு சிவியர் கோடு 7-க்குக் கீழேதான், ஆகவே இதே 7.4 ஒரு நிறைமாதப் பெண்ணுக்கு இருந்தால் தாளில் 'மாடரேட்' என்றுதான் விழும். ஆனால் பிரசவத்தில் ரத்தம் போகும், தாங்கணுமே என்று டாக்டர்கள் அந்தப் பெண்ணுக்குத்தான் அதிகமாகப் பதறுவார்கள். கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆபத்தைக் கணக்குப் போட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மருந்து ஆராய்ச்சியில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே சிவியர் வேறு, சீரியஸ் வேறு. எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பது சிவியர். உயிர் போகுமா, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்குமா, நிரந்தர ஊனம் வருமா என்ற விளைவைப் பார்ப்பது சீரியஸ். தலையே பிளக்கிற மாதிரி ஒரு தலைவலி சிவியராக இருக்கலாம், ஆனால் மறுநாள் காணாமல் போனால் அது சீரியஸ் கணக்கில் வராது. மாரடைப்பு மைல்டாக வந்தாலும் அது சீரியஸ்தான். நம் ஊரில் இந்த ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், தமிழில் மட்டுமில்லை, அந்தப் பக்கம் மலையாளத்திலும் இதே குழப்பம் உண்டு.

இப்போது அம்மை விஷயம். 7.4 என்பதை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ரத்தம் எங்கே போனது என்ற கேள்வி. மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைந்து ஹீமோகுளோபின் இவ்வளவு இறங்கினால், வயிற்றிலோ குடலிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறதா என்று பார்த்தே ஆகணும். மலம் தார் மாதிரி கறுத்துப் போகிறதா, மூட்டு வலிக்கு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாரா, எடை குறைந்திருக்கிறதா என்று அம்மையிடம் உட்கார்ந்து கேளுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சேர்த்தே சொல்லுங்கள். குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி பண்ணினார்களா, பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி பண்ணச் சொன்னார்களா என்று தாளில் தேடுங்கள். கேஸ்ட்ரைட்டிஸ் என்று எழுதியதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காரணம் தெரியாமல் இரும்பு மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் எண் ஏறும், மறுபடி இறங்கும். அடுத்த தடவை திருவனந்தபுரமோ ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜோ, எங்கே காட்டினாலும் பழைய தாள் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்கள். நடுவில் நெஞ்சுவலி, மயக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கல், கறுப்பு வாந்தி என்று எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.

எக்கோவில் உள்ள 'மைல்ட் எம்ஆர்' இதயத்தின் ஒரு வால்வில் லேசான கசிவு. அந்த வயதில் நிறையப் பேருக்கு இருக்கும். அடுத்த செக்கப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

இதே வார்த்தை வேறு இடத்தில் வேறு அளவுகோலோடு வரும். டெங்குவில் சிவியர் என்றால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ஷாக் (ரத்த ஓட்டம் குறைந்து உடல் துவண்டுபோவது) வருவது, பெரிய ரத்தக்கசிவு, அல்லது ஈரல், மூளை, இதயம் போன்ற உறுப்பு பாதிப்பது. அங்கே சிவியரும் சீரியஸும் ஒன்றுதான், ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகுதான் அது பெரும்பாலும் வரும் என்பதால் 'காய்ச்சல் போயிட்டே' என்று அசந்துவிடாதீர்கள். வானிலைத் துறைக்குப் புயல் காற்று மணிக்கு 89-லிருந்து 117 கிலோமீட்டர் வரை இருந்தால் 'சிவியர்', 118-க்கு மேல் போனால் முன்னால் ஒரு 'வெரி' சேரும்; 2017-ல் நம் கடற்கரையை அழ வைத்த ஒக்கி அந்த ரெண்டாவது ரகம். இன்னொன்று, விபத்துக் கேஸில் போலீஸுக்குப் போகும் காயச் சான்றில் சிவியர் என்று தேடாதீர்கள். அங்கே 'சிம்பிள்' அல்லது 'க்ரீவியஸ்' என்றுதான் இருக்கும். க்ரீவியஸ் என்பது சட்டத்தின் வார்த்தை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 116-வது பிரிவில் அதற்குத் தனிப் பட்டியலே உண்டு. எலும்பு முறிந்தாலும் ஒரு பல் உடைந்தாலும் அதில் வந்துவிடும், 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும் வரும். அதற்கு முன்பிருந்த ஐபிசியில் (இந்திய தண்டனைச் சட்டத்தில்) அது 20 நாளாக இருந்தது.

அப்புறம் அண்ணனின் லீவு லெட்டர். 'மை மதர் இஸ் சிவியர்' என்று மட்டும் எழுத வேண்டாம். ஆங்கிலத்தில் ஓர் ஆளைச் சிவியர் என்றால் அவர் ரொம்பக் கண்டிப்பானவர், சிரிக்காத ஆள் என்று அர்த்தமாகும். நோய்தான் சிவியராக இருக்கும், ஆள் இல்லை. 'சிவியர் ஃபீவர்' என்று இங்கே எல்லோரும் எழுதுகிறோம், புரியும்தான், ஆனால் 'ஹை ஃபீவர்' என்பதே அங்கே வழக்கம். 'க்ரிட்டிக்கல்' என்றும் போடாதீர்கள். அது ஐசியுவில் உயிருக்குப் போராடுகிறவருக்குப் போடும் வார்த்தை, கம்பெனி சான்றிதழைக் கேட்டு அதில் அது இல்லையென்றால் அண்ணனுக்குத்தான் சங்கடம். 'மை மதர் ஹேஸ் சிவியர் அனீமியா அண்ட் நீட்ஸ் ஃபர்தர் டெஸ்ட்ஸ் டு ஃபைண்ட் த காஸ்' என்று எழுதி, டிஸ்சார்ஜ் தாளின் நகலையும், அடுத்த டெஸ்டுக்குத் தேதி கொடுத்திருந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கொலனோஸ்கோபிக்குத் தேதி இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை வாங்கிவிட்டு, அந்தத் தேதிக்குத் தக்க லீவு கேட்கச் சொல்லுங்கள்.