ஆமையும் அறுத்த வலையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற பங்குனியில் இராமேஸ்வரம் வந்திருந்தபோது, தனுஷ்கோடி செல்லும் வழியில் வனத்துறையின் ஆமைக்குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்தோம். இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரிப்பதாக அங்கிருந்த காவலர் சொன்னார். ஆயிரம் குஞ்சுகள் கடலுக்குள் போனால் ஒன்றோ இரண்டோதான் வளர்ந்து ஆமையாகும் என்றும் அவரே சொன்னார். அப்படியானால் ஒருவர் தம் வாழ்நாளை இதற்குக் கொடுப்பது வீண் அல்லவா? ஏளனமாகக் கேட்கவில்லை. கால்நடை மருத்துவம் படிக்கும் என் மகள் இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள்.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

காவலர் சொன்ன கணக்கு ஏறத்தாழச் சரியானதுதான். ஆனால் அது குஞ்சுகளுக்கான கணக்கு. அதைக் கொண்டு மீட்புப் பணி முழுவதையும் அளக்க முடியாது.

இந்தக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) ஒரு முறைக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். நாயும் நரியும் குழியைத் தோண்டிவிடும், அலை ஏறி அரித்துவிடும் என்பதால்தான் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை புரண்டால் கரு இறந்துவிடும். எனவே ஆமை ஊர்ந்த தடத்தை இருட்டிலேயே கண்டுபிடித்து, விடிவதற்குள் முட்டைகளை எடுத்து, அதே ஆழத்தில் குடுவை வடிவக் குழி தோண்டிப் புதைத்தாக வேண்டும். பிறகு 45 முதல் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். மணலின் சூடு மிகுந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகிவிடும் என்பதால் குழிகளுக்கு நிழல் கட்டுவோரும் உண்டு. படம் எடுப்பதற்காக, பொரித்த குஞ்சுகளை வெயில் ஏறும்வரை கூடையில் வைத்திருக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. முதல் சில மணி நேரம் நீந்துவதற்கென அக்குஞ்சு உடலில் கொண்டுவந்த ஆற்றலை நாம் கூடையிலேயே தீர்த்துவிடுகிறோம்.

கடலுக்குள் கணக்கு தலைகீழாக மாறுகிறது. வலையில் சிக்கும் வளர்ந்த ஆமை, அந்த ஆயிரத்தில் தப்பிய ஒன்று. ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசுவின் நிலை இன்னும் நெருக்கடியானது. 13, 14 மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும் அது, அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். கடற்புல் மேயும் அவ்விலங்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். திருக்கை வலையில் மாட்டிவிட்டால் வனத்துறையோ மருத்துவரோ வந்து சேரும் வரை அதற்கு உயிர் இருக்காது. ஆகவே இந்தக் கரையில் முதல் மீட்பாளர் படகில் இருப்பவர்தான். அவர் கையில் இருக்கும் கருவி ஒரு கத்தி.

பாம்பனில் எனக்குப் பழக்கமான நாட்டுப்படகு மீனவர் ஒருவர், ஆவுளியா ஒன்றை விடுவிக்க வலையை அறுத்துவிட்டு வந்தார். அவர் வீட்டம்மா, "கடன் வாங்கி வாங்கின வலைய அறுத்துட்டு வந்திருக்காக, கேட்டா அதுக்கும் பிள்ளை இருக்கும்ல என்கிறாக" என்று என்னிடம் முறையிட்டார். ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருவது இந்த முறையீட்டை உணர்ந்துதான். முன்பு ஆமையும் ஆவுளியாவும் இறைச்சியாக விற்ற கரை இது என்பதையும் மறக்கலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை விதித்தது. ஆனால் நடுக்கடலில், எவரும் பாராத இடத்தில், வலையை அறுப்பது சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நடப்பதன்று.

உங்கள் மகளுக்கு ஒரு செய்தி. மூச்சடங்கியது போல் வலையில் வரும் ஆமை எல்லாம் செத்த ஆமை அல்ல. வயிறு கீழாகக் கிடத்தி, பின்பகுதியைச் சற்று உயர்த்தி, மூக்கை மறைக்காமல் ஈரத்துணி போர்த்தி நிழலில் வைத்தால் சில மணி நேரத்தில், சிலவேளை ஒரு நாள் கழித்துக்கூட, அசையத் தொடங்கும். உடனே கடலில் வீசினால் மூழ்கிப்போகும். இதைப் படகுக்குப் படகு சொல்லிக்கொடுப்பதும் மருத்துவர் வேலைதான். தூண்டில் விழுங்கியதும், கைவிடப்பட்ட வலையில் துடுப்புக்கால் அறுந்ததுமாகச் சில ஆமைகள் சிகிச்சைக்கு வரும். ஆனால் பல நாட்களில் அவர் முன் கிடப்பது கரை ஒதுங்கிய உடலாகத்தான் இருக்கும். அதை அறுத்துப் பார்த்து, நீரில் மூச்சுத் திணறி இறந்ததா, படகு அடித்ததா என்று எழுத வேண்டும். எந்தப் பருவத்தில், எந்த வலையில், எவ்விடத்தில் இறக்கின்றன என்பது அந்தக் குறிப்புகளிலிருந்துதான் தெரியவரும்.

இன்னொன்று. இவ்விலங்குகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளவை. வனத்துறையின் அனுமதியின்றி, அன்பினால்கூட, வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியாது. எனவே தனியாக ஒரு காப்பகம் தொடங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மாசி மாதத்தில் மகள் இங்கு வரட்டும். வனத்துறையிடம் முறையாக அனுமதி பெற்று, தனுஷ்கோடிக் கரையில் எம்.ஆர். சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஓர் இரவு அவர்களுடன் நடக்கட்டும். ஒரு தடம்கூடக் கண்ணில் படாத இரவாக அது அமைந்தால் இன்னும் நல்லது. மறுநாளும் வருவேன் என்று அவர் சொன்னால், நீங்கள் தடுக்க வேண்டாம்.