முட்டையை அசைக்காமல் பாம்புக்குட்டியைப் பார்ப்பது: கேள்வி பதில்

ஞாயிறு பின்னேரம் பாம்பு முட்டை பற்றி எதையும் கேட்கலாம் என்று சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. என்னைப் பற்றி இரண்டு வரி: இப்போது வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். அதற்கு முன் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் மூன்று வருடம் சோளப்பாம்பு முட்டைகளுக்குக் காவல் இருந்தேன். சோளப்பாம்பு விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு, ஆய்வுகூடங்களில் வளர்ப்பார்கள். நான் பாம்பு பிடிக்கிற ஆள் இல்லை, கடி வைத்தியமும் தெரியாது. கடித்தால் 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்னைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தர்ஷன், தெஹிவளை: மிஸ், முட்டையை உடைக்காமல் உள்ளே முளையம் வளர்வதைப் பார்க்க முடியுமா? என்ன சாமான் வேண்டும்?

முடியும் தம்பி. இருட்டான அறை, சின்ன எல்.ஈ.டி டோர்ச், ஒரு பென்சில், அவ்வளவுதான். பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டை மாதிரி கடினமானது இல்லை, நனைந்த தோல் போல வளையும், வெளிச்சமும் நன்றாக ஊடுருவும். முட்டை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே விட்டு, மேல்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக ஒரு குறி போடுங்கள். மார்க்கர் வேண்டாம், அதன் மை ஓட்டுக்குள் ஊறும். பிறகு டோர்ச்சின் முகத்தைப் பக்கவாட்டில் ஓட்டோடு வைத்துப் பத்து விநாடி பார்த்துவிட்டு அணையுங்கள். டோர்ச்சைத்தான் நகர்த்த வேண்டும், முட்டையை நகர்த்தக் கூடாது. இதை இன்றைக்கு இன்னும் பத்துத் தரம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய குண்டு பல்ப் டோர்ச்சும் கூடாது, அதன் சூடு பொல்லாதது.

கருக்கட்டாத முட்டை வெறும் மஞ்சளாக ஒளிரும், பட்டர்க் கட்டிக்குள் விளக்கு வைத்த மாதிரி. கருக்கட்டியது என்றால் இளஞ்சிவப்பு நிறமும், ஓரிடத்திலிருந்து கிளை பிரிந்து ஓடும் சிவப்பு நூல்களும் தெரியும், அவை இரத்தக் குழாய்கள். முட்டை வெளியே வரும்போதே முளையத்துக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கும், கண்ணும் மூளையும் உருவாகத் தொடங்கியிருக்கும். ஆரம்ப வேலையைத் தாய் தன் வயிற்றுக்குள்ளேயே முடித்துவிடும். அதனால் பாம்பு முட்டையில் முதல் நாள் கதை நமக்குக் கிடைக்காது.

நான் மறக்காத காட்சி ஒன்று. நாலாவது வாரம் ஓர் இரவு டோர்ச்சை வைத்தேன். குழாய் வலைக்கு நடுவில் ஒற்றை இடியப்ப இழையைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு சுருள், அதன் ஒரு நுனியில் கடுகளவு கறுப்பு. கண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருள் முழுவதும் ஒரு தரம் உதறி அடங்கியது. கடைசி வாரங்களில் இப்படித் தெரியாது, குட்டி இடத்தை அடைத்துவிடும், இருட்டுத்தான். அப்போது அடிக்கடி டோர்ச் அடித்தும் பயனில்லை.

பாத்திமா, கிராண்ட்பாஸ்: அக்கா, எங்கள் கோழி முட்டையை அலகால் உருட்டிக்கொண்டே அடைகாக்கிறது. பாம்பு முட்டையை மட்டும் ஏன் திருப்பக் கூடாது?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். கோழி முட்டைக்குள் மஞ்சட்கருவின் இரண்டு பக்கமும் முறுக்கிய வெள்ளைக் கயிறு போல ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், முட்டை பொரிக்கும்போது தெரியும். அது மஞ்சட்கருவைத் தாங்கிப் பிடிக்கிறது. முட்டை உருண்டாலும் மஞ்சட்கரு சுழன்று முளையம் மேலே வந்துவிடும். அது மட்டுமில்லை, கோழி முட்டையைத் திருப்பாவிட்டால்தான் முளையம் ஓட்டோடு ஒட்டிக் கெடும்.

பாம்பு முட்டையில் அந்தக் கயிறு இல்லை. இட்ட கொஞ்ச நேரத்தில் பாரமான மஞ்சட்கரு கீழே இறங்க, முளையம் மேலே வந்து நிலைகொள்ளும். பிறகு அதன் அலந்தோயிச் சவ்வு ஓட்டின் உட்புறத்தில் பரவும், அதன் வழியாகத்தான் மூச்சு. அந்த நிலையில் தலைகீழாகப் புரட்டினால் மஞ்சட்கருவின் பாரம் முளையத்தின் மேல், குழாய்களும் இழுபடும். புரட்டிய முட்டை எல்லாமே சாகும் என்று சொல்லமாட்டேன், தப்பியவையும் உண்டு. ஆனால் அது சூதாட்டம். என் முதல் வருடத்தில் சிநேகிதர்களுக்குக் காட்டவென்று ஒரு முட்டையைத் தூக்கித் தூக்கி வைத்தேன், ஈரத்தில் பென்சில் குறி அழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. சில நாளில் சிவப்பு நூல்கள் மங்கின, பிறகு பூஞ்சணம் பிடித்தது. பழி சொல்ல வேறு ஆள் இல்லை.

சுமதி, நுகேகொடை: பூச்சாடி மண்ணுக்குள் பத்துப் பன்னிரண்டு வெள்ளை முட்டை, மெத்தென்று இருக்கிறது. பாம்பா?

அளவு சின்னது என்றால் அனேகமாக ஓணான். ஓணான் இளகிய மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். நீங்களும் மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.

பெயரில்லை, வத்தளை: சாடிக்கு அடியில் மஞ்சளாகப் பட்டாணி மாதிரிக் குவியல். பாம்பு முட்டையா மிஸ்?

ஆபிரிக்க நத்தை. ஒரு தரத்துக்கு நூறுக்கு மேலும் இடும். இதை அழித்தால் உங்கள் மரக்கறித் தோட்டம் நன்றி சொல்லும்.

ஜீவன், கொட்டாஞ்சேனை: எங்கள் வீட்டுப் பூச்சாடியிலும்...

மேலே இரண்டு பதில் இருக்கிறது தம்பி.

நிரோஷன், பத்தரமுல்லை: பின்வளவில் நாகபாம்பு முட்டைகள் இருக்கின்றன, தாயும் ஒரு தரம் தெரிந்தது. அம்மா நாகதம்பிரான் வந்திருக்கிறார் என்று கிட்டப் போகவே விடுகிறா இல்லை. டோர்ச் அடித்துப் பார்க்கலாமா?

அம்மா சொல்வதைக் கேளுங்கள். காரணம் வேறாக இருக்கலாம், முடிவு சரி. பெண் நாகம் முட்டைக்குப் பக்கத்திலேயே காவல் நிற்கும். பொரித்து வரும் குட்டிக்கும் முதல் நாளிலிருந்தே விஷம் உண்டு, குட்டிதானே என்று கையில் எடுக்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். நாய், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

அருண், மட்டக்குளி: தும்புத் தூள் போட்ட பெட்டியில் காட்டு முட்டையை வைத்துப் பொரிக்கச் செய்முறை சொல்லுங்கோ.

சொல்லமாட்டேன். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் எடுத்து வைத்தால் நீங்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரலாம். எந்தப் பாம்பின் முட்டை என்றும் உங்களுக்குத் தெரியாது.

விதுஷா, பம்பலப்பிட்டி: புடையன் முட்டையும் இதே மாதிரித்தானா?

புடையன் முட்டையிடாது, குட்டி போடும்.

கபிலன்: பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு ஓட்டில் சின்ன யன்னல் வெட்டிப் பார்க்கலாமா?

பாம்பு முட்டையில் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, உள்ளே அழுத்தத்தோடு இருக்கும், வெட்டினால் உள்ளிருப்பது பிதுங்கும், பூஞ்சணமும் சேரும். கருக்கட்டிய கோழி முட்டையை எடுத்து 37.5 பாகை செல்சியசில் வையுங்கள். நாலாம் ஐந்தாம் நாள் டோர்ச் அடித்தால் சிலந்தி மாதிரிக் குழாய்கள் தெரியும், 21 நாளில் குஞ்சு. உங்களுக்குத் தவணைப் பரீட்சைக்கு முன்னமே முடிந்துவிடும்.

அதற்கும் பொறுமை இல்லையென்றால் அலுமாரிக்குப் பின்னால் பாருங்கள், கொழும்பில் பல்லி முட்டை இல்லாத வீடு எது? கடலையளவு, வெள்ளை, பெரும்பாலும் சோடியாக இருக்கும். இருந்த இடத்திலேயே பின்னால் ஃபோன் வெளிச்சத்தைப் பிடியுங்கள்.

செல்வி: முதலை மாதிரி வெப்பம்தான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறதா?

இல்லை, பாம்புக்கு அதைத் தீர்மானிப்பது நிறமூர்த்தம் (குரோமோசோம்). வெப்பம் கூடினால் வளைந்த முதுகெலும்புதான் மிஞ்சும்.

இளங்கோ, வெள்ளவத்தை: 'பாம்பின் கால் பாம்பறியும்' என்கிறார்களே, முளையத்திலாவது கால் இருக்கிறதா?

அருமையான கேள்வி. மலைப்பாம்பு முளையத்தில் பின்னங்கால் மொட்டு உண்மையிலேயே முளைக்கும், பிறகு வளர்ச்சி நின்றுவிடும். காலை வளரச் சொல்லும் மரபணுவுக்கு ஓர் ஆளி (சுவிட்ச்) இருக்கிறது, பாம்புகளில் அந்த ஆளியின் துண்டுகள் தொலைந்துவிட்டன. 2016இல் எலியில் அந்த ஆளியை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தார்கள், கால் கட்டையாகவே நின்றது. வளர்ந்த மலைப்பாம்பின் கழிவாய்க்கு இரு பக்கமும் நகம் மாதிரி ஒன்று இருக்கிறதே, மிச்சம் அதுதான். இன்னொன்று: மனித முளையத்தில் முதுகெலும்பாகப் போகும் துண்டங்கள் 33 என்றால், சோளப்பாம்பில் 315. இந்தத் துண்டங்களை ஒவ்வொன்றாக வெட்டும் மரபணுக் கடிகாரம், உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால், அங்கே வேகமாக ஓடுகிறது.

ரவி, கிருலப்பனை: மிஸ், போன கிழமை கால்வாய்க்கரையில் நாகமும் சாரையும் பின்னிப் பிணைந்ததை என் கண்ணால் கண்டேன். அந்த முட்டைக்குள் என்ன வளரும்?

ஒன்றும் வளராது. நீங்கள் கண்டது அனேகமாக இரண்டு ஆண் சாரை. பெண்ணுக்காக முன்னுடலைத் தூக்கி முறுக்கிக்கொண்டு ஒன்றையொன்று அழுத்தும், அது மல்யுத்தம்.

ரவி: ஒன்று கறுப்பு, மற்றது மஞ்சள். இரண்டும் சாரையா?

சாரை பல நிறத்தில் வரும். படம் விரித்ததா?

ரவி: படம் விரிக்கவில்லை. ஆனாலும் நாகம்தான்.

தயாளன்: என் மாமாவும் கண்டிருக்கிறார் மிஸ், ஊரில் எல்லோரும் சொல்வார்கள், எல்லோருமா பொய்?

பொய் இல்லை ஐயா, பார்த்தது உண்மை, பெயர் வைத்ததுதான் பிழை. சில வேளை நாகமும் இருந்திருக்கும், ஆனால் அது சாப்பாட்டு நேரம், நாகம் மற்றப் பாம்புகளைத் தின்னும். இரண்டும் வேறு வேறு குடும்பம், பிரிந்து பல கோடி ஆண்டு. நாக முளையத்தில் விஷப்பல் மேல்தாடையின் பின்பக்கத்தில்தான் உருவாகத் தொடங்கும், தாடை வளர வளர முன்னுக்குத் தள்ளப்படும். சாரைக்கு அந்தக் கதையே வேறு.

ரவி: பின்னாலிருந்து முன்னால் பல் நகருமா? இதை நம்பலாம், நான் கண்டதை நம்பக் கூடாதா?

சரி, அடுத்த தரம் கண்டால் தூரத்தில் நின்று வீடியோ எடுத்து அனுப்புங்கள். நாகம் என்றால் அடுத்த ஞாயிறு உங்களுக்குக் கொத்து ரொட்டி என் செலவில்.

தயாளன்: எனக்கும்?

மாமாவுக்கும் சேர்த்து.

மாலினி: பொரிக்கும் நாள் வந்தும் குட்டி வரவில்லை என்றால் ஓட்டை வெட்டி உதவலாமா?

வேண்டாம். குட்டியின் மேல்தாடை நுனியில் ஒரு முட்டைப்பல் இருக்கும், உண்மையான பல், சில நாளில் விழுந்துவிடும். அதனால் ஓட்டைக் கிழித்துவிட்டு, தலையை மட்டும் நீட்டி ஒரு நாள், இரண்டு நாள்கூட அப்படியே கிடக்கும். மீதி மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. நீங்கள் அவசரப்பட்டு வெளியே எடுத்தால் தொப்புள் கிழியும்.

ஷிரோமி: டோர்ச் எவ்வளவு நேரம் பிடிக்கலாம்? முட்டையைக் கையில் எடுத்து...

பத்து விநாடி. கையில் எடுக்காதீர்கள். டோர்ச்சைத்தான் நகர்த்த வேண்டும்.

கபிலன்: மிஸ், அலுமாரிக்குப் பின்னால் இரண்டு இருக்கிறது! ஒன்றுக்குள் சிவப்பு வளையம் மாதிரித் தெரிகிறது, மற்றது வெறும் மஞ்சள். வடிவாகப் பார்க்கக் கழற்றி எடுக்கட்டுமா?

கழற்றாதீர்கள்! அலுமாரியையும் இழுக்காதீர்கள். மஞ்சளானதை இன்னும் ஒரு கிழமை விட்டுப் பாருங்கள், சிவந்ததைத் திகதி போட்டுக் கொப்பியில் வரையுங்கள். முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.