அறியாத உப்பை அறிதல்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

செய்முறைத் தேர்வுகள் நெருங்குவதால் வேதியியல் ஆய்வகம் பற்றிய கடிதங்கள் மிகுதியாக வந்துள்ளன. அவற்றுள் உப்புகளின் பண்பறி பகுப்பாய்வு, அதாவது ஓர் உப்பில் எந்த அயனிகள் உள்ளன என்று கண்டறிதல், தொடர்பானவற்றுக்கு இம்மாதம் விடையளிக்கிறோம்.

எங்கள் ஆய்வகத்தில் எந்த உப்பைக் கொடுத்தாலும் சில்வர் நைட்ரேட் சேர்த்தவுடன் வெண்மை தோன்றுகிறது. ஜிங்க் சல்ஃபேட் என்று ஆசிரியர் பின்னர் கூறிய உப்பிலும் எங்கள் குழுவுக்குக் குளோரைடு என்றே விடை வந்தது. எதனால் இப்படி நிகழ்கிறது?
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, இராமநாதபுரம் மாவட்டம்

நீங்கள் முதலில் ஐயுற வேண்டியது உப்பை அன்று, தண்ணீரைத்தான். கடலோர மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரைடு கணிசமாக இருப்பது வழக்கம். சில்வர் குளோரைடோ 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் அளவே கரையக்கூடியது என்பதால், குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்தாலோ, குழாய்த் தண்ணீரில் கழுவிய சோதனைக் குழாயை அப்படியே பயன்படுத்தினாலோ கரைசல் வெளுத்துவிடும். நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரை மட்டும் ஒரு குழாயில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சேர்த்துப் பாருங்கள். அதிலும் வெண்மை தோன்றினால் காரணம் தெரிந்துவிடும். வெற்றுச் சோதனை எனப்படும் இதற்கு இரண்டு நிமிடங்கள்கூடத் தேவையில்லை. ஆயினும் பெரும்பாலான பள்ளிகளில் இது செய்யப்படுவதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

தண்ணீர் தூயதாக இருந்தும் அதே விடை வந்தால், சோடியம் கார்பனேட் சாற்றைக் கவனியுங்கள். உப்புடன் இரண்டு மூன்று மடங்கு சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து நீரில் கொதிக்கவைத்து வடிகட்டும்போது, எதிரயனிகள் சோடியம் உப்புகளாகக் கரைசலுக்கு வருகின்றன. அவற்றுடன் எஞ்சிய கார்பனேட்டும் வருகிறது. இந்தக் கார்பனேட் முழுவதும் நீங்கும்வரை, அதாவது நுரைத்தல் அறவே நிற்கும்வரை, அமிலம் சேர்க்காவிட்டால் சில்வர் கார்பனேட் வீழ்படிந்து, அதாவது கரையாத திண்மமாகப் பிரிந்து, உங்களை ஏமாற்றும். சல்ஃபேட்டுக்கான பேரியம் குளோரைடு சோதனையிலும் இதே பிழை நேரும். அங்கே பேரியம் கார்பனேட்டைப் பார்த்துச் சல்ஃபேட் என்று எழுதிவிடுவார்கள். எந்த அமிலத்தைச் சேர்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். சில்வர் நைட்ரேட் சோதனைக்கு நைட்ரிக் அமிலமே உரியது. அருகில் இருக்கிறது என்பதற்காக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், நாமே ஊற்றிய குளோரைடை நாமே கண்டுபிடித்தவர்களாவோம்.

உண்மையான சில்வர் குளோரைடு தயிர்போல் திரண்டு விழும். அம்மோனியா கரைசலில் கரையும். மீண்டும் நைட்ரிக் அமிலம் சேர்த்தால் வெண்மை திரும்ப வரும். இந்த மூன்றையும் கண்ட பிறகே குளோரைடு என்று எழுதுங்கள்.

மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க முயலும் தந்தை நான். உப்பின் நேர்மின் அயனிகளான நேரயனிகளை ஆறு தொகுதிகளாகப் பிரித்து, வரிசை மாறாமல் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? லெட் மட்டும் ஏன் இரண்டு தொகுதிகளில் இடம்பெறுகிறது?
வங்கி அலுவலர், திருச்சிராப்பள்ளி

மிக நல்ல கேள்வி. மனப்பாடமாகவே முடிந்துபோகும் இந்தப் பகுதியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தொகுதிக் கரணியும் (அத்தொகுதியை வீழ்படியச் செய்யும் வேதிப்பொருள்), தனக்கு முந்தைய தொகுதிகள் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டன என்ற நம்பிக்கையில்தான் செயல்படுகிறது. இரண்டாம் தொகுதியையும் நான்காம் தொகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டுக்கும் கரணி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான். இரண்டாம் தொகுதியில் அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கரைசலில் செலுத்துகிறோம். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள், பொது அயனி விளைவினால், ஹைட்ரஜன் சல்ஃபைடு பிரிகையடைவதை அடக்கிவைக்கின்றன. கரைசலில் சல்ஃபைடு அயனிகள் மிகச் சிறிதளவே இருக்கும். கரைதிறன் பெருக்கம் (எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிதில் வீழ்படியும் என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 10⁻³⁶ ஆக உள்ள காப்பர் சல்ஃபைடு வீழ்படிய அந்தச் சிறிதளவே போதும். ஏறத்தாழ 10⁻²⁴ ஆக உள்ள ஜிங்க் சல்ஃபைடுக்கு அது போதாது. பின்னர் அம்மோனியா கலந்த காரக் கரைசலில் அதே வாயுவைச் செலுத்தும்போது ஹைட்ரஜன் அயனிகள் குறைந்து சல்ஃபைடு அயனிகள் பெருகுவதால் ஜிங்க், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் ஆகியவை வீழ்படிகின்றன. வரிசையை மாற்றிக் காரக் கரைசலில் முதலில் செலுத்தியிருந்தால் காப்பரும் ஜிங்க்கும் ஒன்றாகவே விழுந்திருக்கும். பிரித்தல் என்பதே நிகழ்ந்திருக்காது. அமிலத்தின் அளவும் இதனால்தான் முக்கியமாகிறது: குறைந்தால் ஜிங்க் முன்கூட்டியே விழும், மிகுந்தால் லெட்டும் காட்மியமும் விழாமல் போகும்.

மூன்றாம் தொகுதிக்குள் நுழையுமுன் வடிநீரைக் கொதிக்கவைக்கச் சொல்வதும் வெறும் சடங்கன்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு எஞ்சியிருந்தால், அம்மோனியா சேர்த்தவுடன் நான்காம் தொகுதிச் சல்ஃபைடுகள் மூன்றாம் தொகுதியிலேயே வந்துவிடும். லெட் அசிடேட்டில் நனைத்த தாள் ஆவியில் கறுப்பது நிற்கும்வரை கொதிக்கவைத்து, அதன் பிறகு சில துளிகள் அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால், இரும்பின் பெர்ரஸ் அயனிகள் பெர்ரிக் அயனிகளாக மாறும். அம்மோனியம் குளோரைடு இருக்கும் நிலையில் முழுமையாக வீழ்படியக்கூடியது பெர்ரிக் ஹைட்ராக்சைடே.

இனி லெட். முதல் தொகுதியில் அது குளோரைடாக வீழ்படிகிறது. ஆனால் லெட் குளோரைடு, சில்வர் குளோரைடைப் போல ஏறக்குறைய முற்றிலும் கரையாத பொருளன்று. 20 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 10 கிராம் கரையும், கொதிநீரில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கரையும். எனவே முதல் தொகுதியில் தப்பிக் கரைசலில் தங்கும் லெட், இரண்டாம் தொகுதியில் கறுப்புச் சல்ஃபைடாக விழுகிறது. இதே பண்பே அதை உறுதிசெய்யவும் உதவுகிறது: வெண்ணிற வீழ்படிவைக் கொதிநீரில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, மஞ்சள் வீழ்படிவை மீண்டும் சூடாக்கிக் கரையவிட்டு மெதுவாக ஆறவிட்டால், பொன்னிறத் தகடுகள் மின்னியபடி இறங்கும். உங்கள் மகளுக்கு அதை ஒருமுறை காணும் வாய்ப்புக் கிடைத்தால், லெட்டின் இரட்டை இடத்தை அவர் மறக்கவே மாட்டார்.

நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையில் எனக்குக் கரைசல் முழுவதும் பழுப்பாகிவிட்டது. அருகில் இருந்த நண்பனுக்கு வளையமே வரவில்லை. இருவரிடமும் இருந்தது ஒரே உப்பு.
மாணவர், கோவில்பட்டி

இச்சோதனையில் உப்புக் கரைசலுடன் பெர்ரஸ் சல்ஃபேட் கரைசலைச் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தை மெல்ல விடுகிறோம். உங்கள் நண்பரின் பெர்ரஸ் சல்ஃபேட் கரைசல் பழையதாக இருந்திருக்கக்கூடும். அது காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து பெர்ரிக் நிலைக்கு மாறி மஞ்சளாகிவிடும்; அதன் பின் வளையத்தை எதிர்பார்க்க இயலாது. ஒவ்வொரு முறையும் படிகங்களை எடுத்துப் புதிதாகக் கரைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் குழாயில் அமிலம் வேகமாக ஊற்றப்பட்டிருக்கலாம், அல்லது குழாய் குலுங்கியிருக்கலாம். அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 1.84 கிராம், குழாயைச் சாய்த்து அதன் சுவர் வழியே மெல்ல விட்டால் அது அடியில் தனி அடுக்காக அமரும். நைட்ரேட் நைட்ரிக் ஆக்சைடாக ஒடுக்கமடைவதற்கு அங்குள்ள கடும் அமிலத்தன்மை வேண்டும். உண்டான நைட்ரிக் ஆக்சைடு, எஞ்சியுள்ள பெர்ரஸ் அயனியோடு இணைந்து பழுப்பு அணைவைத் தருவதற்கு மேலடுக்கு வேண்டும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் வளையம் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. வெப்பத்தில் அந்த அணைவு சிதைந்துவிடும். அமிலமும் நீரும் கலந்தால் வெப்பம் தோன்றத்தான் செய்யும்.

மற்றொன்றையும் பாருங்கள். நைட்ரைட் இருந்தால் நீர்த்த அமிலத்திலேயே கரைசல் பழுப்பாகும். புரோமைடும் அயோடைடும் அடர் அமிலத்தில் நிறமுள்ள ஹாலஜன்களைத் தந்து குழப்பும். எனவே அவை இல்லை என்று முன் சோதனைகளில் உறுதி செய்துகொண்டு, உப்பை அடர் கந்தக அமிலத்துடனும் காப்பர் சீவல்களுடனும் சூடாக்கிச் செம்பழுப்பு ஆவி வருகிறதா என்று பார்ப்பது நல்ல துணைச் சான்றாக அமையும்.

உப்பைச் சிறிது நாவில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று என் மகனின் நண்பர்கள் சொல்கிறார்களாம். இது சரியா?
ஒரு தாய், மதுரை

ஒருபோதும் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் வழங்கப்படும் லெட் உப்புகளும், நீரில் கரையும் பேரியம் உப்புகளும் நஞ்சு. லெட் அசிடேட் இனிக்கும் என்பதே அதன் ஆபத்து. வாயுக்களையும் குழாயின் வாயில் மூக்கை வைத்து முகராமல், கையால் சிறிதளவு விசிறி முகர வேண்டும். மகனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைத் தயாரிக்கும் கிப் உபகரணம் பழுதாகிவிட்டது. வாயு வெளியேற்றும் அறையும் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லாமல் மாணவர்களுக்கு நேரயனிகளைக் கற்பிக்க இயலுமா?
முதுகலை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

இயலும், உங்கள் சூழலில் அதுவே சரியானதும்கூட. ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் 100 பங்கை எட்டும்போது முகரும் ஆற்றலே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும் நேரமே மிகக் கொடிய நேரமாக இருக்கக்கூடும் என்பதால், காற்றோட்டமில்லாத அறையில் நாற்பது மாணவர்களிடையே அதைத் தயாரிப்பதை நான் ஏற்கமாட்டேன். தயோஅசிட்டமைடு கரைசலைச் சூடாக்கியும் அந்த வாயுவைப் பெறலாம் என்றாலும், அப்பொருள் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனக் கருதப்படுவதால் பள்ளிக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

ஒரே நேரயனி கொண்ட எளிய உப்புக்குச் சோடியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும் பெருமளவு போதுமானவை. இரண்டையும் துளித்துளியாகவும் பின்னர் மிகையாகவும் சேர்க்கச் செய்யுங்கள். ஜிங்க்கின் வெண்ணிற வீழ்படிவு இரண்டின் மிகையிலும் கரையும். அலுமினியமும் லெட்டும் சோடியம் ஹைட்ராக்சைடின் மிகையில் கரைந்து, அம்மோனியாவில் கரையாமல் நிற்கும். மக்னீசியம் எதிலும் கரையாது. அலுமினியத்தையும் லெட்டையும் பொட்டாசியம் அயோடைடு உடனே பிரித்துக் காட்டிவிடும். காப்பரின் வெளிர்நீல வீழ்படிவு மிகை அம்மோனியாவில் ஆழ்ந்த நீலக் கரைசலாகும். அம்மோனியம் உப்பானால் சோடியம் ஹைட்ராக்சைடுடன் சூடாக்கும்போது வரும் வாயு ஈரச் சிவப்பு லிட்மசை நீலமாக்கும். அம்மோனியாவைக் கண்டறியப் பயன்படும், மெர்குரி கலந்த நெஸ்லர் கரணி அதற்குத் தேவையே இல்லை. கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவற்றுக்கு அம்மோனியம் கார்பனேட்டும் சுடர் சோதனையும் இருக்கின்றன. தொகுதிப் பிரிப்பின் தத்துவத்தைக் கரும்பலகையில் விளக்குங்கள். லெட் கலந்த கழிவுகளை மட்டும் தொட்டியில் கொட்டாமல் தனிக் கலனில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள்.

உப்பின் தோற்றத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிட்டு, செய்யாத சோதனைகளையும் செய்ததாக எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். நான் மட்டும் ஏன் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்?
மாணவி, பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்

உங்கள் ஆதங்கம் நியாயமானது. தோற்றமும் ஒரு சான்றுதான். நீலம் காப்பரையும் வெளிர்ப்பச்சை பெர்ரஸையும் நினைவூட்டுவதில் தவறில்லை. ஆனால் ஆய்வகத்தில் கிடைக்கும் உப்புகளில் பெரும்பாலானவை வெண்மையானவை. மக்னீசியம் சல்ஃபேட்டும் ஜிங்க் சல்ஃபேட்டும் ஏழு நீர் மூலக்கூறுகளுடன் ஒரே வடிவப் படிகங்களாக உருவாகின்றன. கண்ணால் மட்டும் பார்த்து அவற்றைப் பிரிக்க முயல்வது வீண். ஜிங்க் என்று ஊகித்து, மிகைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைந்தது என்று ஒருவர் எழுதியிருக்க, தேர்வாளர் தந்தது மக்னீசியமாக இருந்தால், அந்த வரி காணாததைக் கண்டதாக எழுதியது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நீங்கள் கண்டதை முதலில் எழுதுங்கள். முடிவை அதற்குப் பின் எழுதுங்கள். வீழ்படிவு தோன்றாத தொகுதிகளையும் விடாமல், வீழ்படிவு இல்லை என்றே குறியுங்கள். ஐந்தாம் தொகுதி வரை எதுவும் விழவில்லை என்ற அந்த வரிகள்தான் ஆறாம் தொகுதியிலுள்ள மக்னீசியத்துக்கான சோதனையைச் செய்ய உங்களுக்கு உரிமை தருகின்றன. தொகுதிச் சோதனையும் உறுதிச் சோதனையும் முரண்பட்டால் எதையும் அடிக்காமல் இரண்டையும் தாளில் வைத்துக்கொண்டு, புதிய சிறுபகுதி உப்பை எடுத்து உறுதிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.