தவறுக்குத் தண்டனை ஓட்டமா? கூடைப்பந்துப் பயிற்சியில் பிள்ளைகளைத் தக்கவைக்கும் வழி

குடியாத்தம் அருகே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஜூன் மாதம் 20 மாணவர்கள் சேர்ந்தார்கள். குறுவட்டப் போட்டி நெருங்கும் நேரத்தில் 9 பேர்தான் வருகிறார்கள். ஆட்டத்தில் தவறு செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது என் வழக்கம். கண்டிப்பைத் தளர்த்தினால் அணி கெட்டுவிடாதா?"

கண்டிப்பைத் தளர்த்த வேண்டாம். அது எதன்மேல் விழுகிறது என்பதை மட்டும் மாற்றுங்கள். நேரத்துக்கு வருவது, சக ஆட்டக்காரனை இழிவாகப் பேசாமல் இருப்பது, பந்தை இழந்தவுடன் தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓடுவது ஆகியவை மாணவன் நினைத்தால் இன்றே செய்யக்கூடியவை என்பதால், அவற்றில் உறுதியாக நில்லுங்கள். லே-அப், அதாவது ஓடிவந்து எழும்பி வளையத்தருகே பந்தைப் போடுவது, தவறுவது அப்படிப்பட்டதன்று. அதற்கும் தண்டனை என்றால், பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து நிற்கத்தான் மாணவன் கற்றுக்கொள்வான். பாஸ் வாங்கக் கைநீட்டாமல் கோட்டோரம் ஒதுங்குபவர்கள் யார் என்று அடுத்த பயிற்சி ஆட்டத்தில் கவனித்துப் பாருங்கள். மேலும், ஆட்டம் முழுவதும் ஓட வேண்டிய ஒரு விளையாட்டில் ஓட்டத்தையே தண்டனையாக்குவது எனக்குச் சிறிதும் ஏற்புடையதன்று.

தவறு நடந்த அடுத்த நொடியில் நீங்கள் சொல்லும் சொல்லே முக்கியம். வலக்கை லே-அப்பில் இடக்காலை ஊன்றி எழும்ப வேண்டிய மாணவன், பதற்றத்தில் வலக்காலை ஊன்றி எழும்பி, பந்தை வளையத்தின் அடியில் மோதவிடுகிறான். "எத்தனை தடவைடா சொல்றது?" என்று அதட்டினால் அவனுக்குப் பயன்படும் செய்தி அதில் ஏதுமில்லை. "எந்தக் கால்ல எழும்பின?" என்று கேட்டால் அவன் தன் காலை நினைத்துப் பார்ப்பான். பந்தில்லாமல் அந்த இரண்டு அடிகளை நடந்து காட்டச் சொல்லி, பிறகு பந்தைக் கொடுங்கள்.

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் அணிகளைக் கொண்டு செய்யப்பட்டு 1992இல் வெளியான ஓர் ஆய்வு உங்கள் கவலைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. முயற்சியைப் பாராட்டவும், தவறுக்குப் பின் ஊக்கத்தோடு திருத்தவும் பயிற்சி பெற்ற பயிற்றுநர்களின் அணிகளிலிருந்து அடுத்த பருவத்துக்குத் திரும்பாத சிறுவர்கள் 5 விழுக்காடு. அத்தகைய பயிற்சி பெறாதவர்களின் அணிகளில் 26 விழுக்காடு. விலகியவர்களின் அணிகளும் திரும்பி வந்தவர்களின் அணிகளும் வெற்றி விகிதத்தில் வேறுபடவில்லை. ஆகவே பிள்ளைகளை விரட்டியது தோல்வியன்று.

பந்தையும் பாருங்கள். பெரியவர்களின் 7ஆம் எண் பந்து ஏறத்தாழ 600 கிராம் எடையும், வளையம் 3.05 மீட்டர் உயரமும் கொண்டவை. சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டர்தான், பந்தும் 500 கிராமுக்கு மிகாத 5ஆம் எண் பந்து. இடுப்பிலிருந்து இரு கையால் வீசியெறியும் சிறுவனிடம் சோம்பல் இல்லை, பந்துதான் அவனுக்குக் கனம். சிறிய பந்தில் எறியும் முறையைப் படிய வைத்துவிட்டு, போட்டிக்கு முந்தைய வாரங்களில் போட்டிப் பந்துக்கு மாற்றுங்கள்.

முழங்கால் சில்லுக்குக் கீழே வலிப்பதாகச் சொல்பவனைச் சாக்குச் சொல்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள். வேகமாக வளரும் வயதில், குதிக்கும் விளையாட்டுகளில் அது வழக்கமாக வருவதுதான், அவனுக்குக் குதிப்பைக் குறைத்து, வலி நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும் வழக்கமே இருக்கக் கூடாது.

விலகிய 11 பேரையும் தனித்தனியே சந்தியுங்கள். "ஏன் வரலை?" என்று கேட்டால் விசாரணையாகப் படும், "பயிற்சியில எதை மாத்தினா நல்லா இருக்கும்?" என்று கேட்டு, மறுத்துப் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். சிலர் தண்டனையைச் சொல்லலாம். சிலர் டியூஷனையோ ஊருக்குப் போகும் பஸ்ஸையோ சொல்லலாம். பஸ்தான் காரணம் என்றால், வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியைக் காலையில் பள்ளி தொடங்கும் முன் வைத்துப் பாருங்கள்.