வீடு கட்ட 15 லட்சம், பதிலுக்கு விடுதலைப் பத்திரம்: அப்பாவின் பணத்தை வாங்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். எனக்கு 38 வயது. கொண்டலாம்பட்டி அருகில் என் கணவர் பெயரில் வாங்கிய மனையில் வீடு கட்டத் தொடங்க இருக்கிறோம். செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற என் அப்பா, இதற்காக 15 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கீழ்த்தளத்தில் அவருக்கும் அம்மாவுக்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டும், என் கணவர் வெளியூருக்கு மாற்றல் வாங்கக் கூடாது, ஏற்காட்டில் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் 3 ஏக்கர் காப்பித் தோட்டத்தில் எனக்குப் பங்கில்லை என்று விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பவை அவருடைய நிபந்தனைகள். அண்ணனுக்கோ பட்டறையை விரிவாக்கவும் வீடு வாங்கவும் இதுவரை 40 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒரு நிபந்தனையும் இல்லை. நாங்கள் இந்துக்கள். பணத்தை வாங்கலாமா? பின்னால் அதைத் திருப்பிக் கேட்க முடியுமா? அண்ணனுக்குக் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறதா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்)

பதில்: பணத்தை வாங்கலாம். ஆனால் அந்தப் பணத்தையும் தோட்டத்து உரிமையையும் ஒரே பேச்சில் முடிக்காதீர்கள். உங்கள் அப்பா இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தருகிறார். சட்டத்தின் பார்வையில் அவை வெவ்வேறு கொடுக்கல் வாங்கல்கள். முதலாவது, மகள் வீடு கட்டத் தந்தை தரும் அன்பளிப்பு. இரண்டாவது, உங்களுக்கு இருக்கக்கூடிய ஒரு சொத்துரிமையை 15 லட்சத்துக்கு விற்பது. விற்பதுதான் நோக்கம் என்றால், விற்கும் பொருள் என்ன, அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு விற்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால், இரண்டுமே இன்னும் உங்களுக்குத் தெரியாது என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். "தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது போதாது. தாத்தா சொத்து என்றாலே பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று நம்மிடையே பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதி உண்மை. உங்கள் தாத்தா தம் உழைப்பில் அந்தத் தோட்டத்தை வாங்கி, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அது அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் ஆகிய வாரிசுகளுக்குச் சமமாகப் போய்ச் சேரும்; அதில் உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த பங்கு அவருடைய தனிச் சொத்து என்றே 1986-இலிருந்து உச்ச நீதிமன்றம் கூறிவருகிறது. அப்படியானால் அப்பா உயிருடன் இருக்கும்வரை அந்தத் தோட்டத்தில் உங்களுக்கும் உரிமை இல்லை, உங்கள் அண்ணனுக்கும் இல்லை. கூடவே, உங்கள் அத்தைகளுக்கும் சித்தப்பா, பெரியப்பாக்களுக்கும் அதில் பங்கிருக்கலாம் என்ற இன்னொரு கேள்வியும் எழும். அதை இதுவரை யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மாறாக, தாத்தாவுக்கே அது அவருடைய முன்னோரிடமிருந்து கூட்டுக் குடும்பப் பாகப் பிரிவினையில் வந்திருந்தாலோ, பிறகு அந்தக் குடும்பத்துக்குள்ளேயே உங்கள் அப்பாவின் கிளைக்குப் பாகமாகப் பிரிந்திருந்தாலோ, அது பூர்வீகச் சொத்து. அதில் உங்களுக்கு இன்றே பங்கு உண்டு. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டிலும், 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதிலும் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. 2005-இன் அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப் பிரிவினை இருந்தால் மட்டும் அதைத் திரும்பத் திறக்க முடியாது. பூர்வீகச் சொத்து என்று உறுதியானால் அப்பா, அண்ணன், நீங்கள் என மூன்று பங்கு. 3 ஏக்கரில் ஓர் ஏக்கர் உங்களுடையது. உங்கள் திருமணத்துக்குப் போட்ட நகையும் செய்த சீரும் இந்தப் பங்கைக் கழித்துவிடாது. "கல்யாணத்துக்கே செய்தாயிற்றே" என்று வீட்டில் சொல்வார்கள். சட்டத்தில் அதற்கு எடை இல்லை.

எது உங்கள் நிலை என்பதைக் காகிதங்கள்தான் சொல்லும். தோட்டத்தின் மூலப்பத்திரம், தாத்தா பெயரில் இருந்த பட்டா, அவருடைய இறப்புச் சான்றிதழ், உயிலோ பாகப் பிரிவினைப் பத்திரமோ இருந்தால் அதன் நகல், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேகரித்து, உங்கள் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் வழக்கமாகப் பத்திரம் எழுதிக் கொடுப்பவரிடம் அல்லாமல் வேறொரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம், ஆனால் அது சந்தை விலை அன்று. ஏற்காட்டில் சாலையோரத் தோட்டத்துக்கும் உள்ளே தள்ளிய தோட்டத்துக்கும் விலை பெரிதும் மாறும் என்பதால் அண்மையில் அங்கு விற்றவர்களிடம் விசாரியுங்கள்.

இப்போது விடுதலைப் பத்திரத்துக்கு வருகிறேன். பூர்வீகச் சொத்தில் உங்களுக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்தால் அது முழுமையாகச் செல்லும். பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய்தான். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். செலவு குறைவு என்பதாலேயே பலர் இதை ஒரு சடங்குபோல முடித்துவிடுகிறார்கள். தோட்டம் அப்பாவின் தனிச் சொத்தாக இருந்தால் நிலைமை சற்று விசித்திரமானது. எதிர்காலத்தில் வாரிசாக வரக்கூடும் என்ற வெறும் வாய்ப்பை இப்போதே மாற்றித் தர முடியாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. இதை அறிந்த சிலர், "எப்படியும் செல்லாத பத்திரம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்" என்று யோசனை சொல்வார்கள். அந்த யோசனையைக் கேட்காதீர்கள். தந்தை உயிருடன் இருக்கும்போதே பணம் பெற்றுக்கொண்டு, அவருடைய சொந்தச் சொத்தில் இனி உரிமை கோர மாட்டேன் என்று ஒரு மகன் எழுதிக் கொடுத்த தமிழ்நாட்டு வழக்கில், அந்த மகனின் பிள்ளைகள்கூடப் பின்னாளில் பங்கு கேட்க முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் பெற்றவர் தம் நடத்தையால் கட்டுப்பட்டுவிடுகிறார் என்பதே அதன் அடிப்படை. 15 லட்சம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததற்கு ஆதாரம் இருக்கும்போது, உங்களுக்கும் அதே கதிதான் நேரும்.

மற்ற இரண்டு நிபந்தனைகளும் வேறு வகை. கணவர் மாற்றல் வாங்கக் கூடாது என்பதை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. அன்பளிப்பாகக் கொடுத்து, நீங்கள் ஏற்றுக்கொண்ட பணத்தை அந்தக் காரணத்துக்காக அப்பா திரும்பப் பெறவும் முடியாது. ஆனாலும் பணம் வாங்கிய பிறகு ஒவ்வொரு பண்டிகையிலும் அந்தப் பேச்சு எழும் என்பதால், இயலாது என்றால் இப்போதே இயலாது என்று சொல்லிவிடுவது நல்லது. உங்கள் கணவரும் அந்த உரையாடலில் இருக்கட்டும். கட்டுப்படச் சொல்வது அவரைத்தானே.

கீழ்த்தளத்தில் அறை கேட்பதை நான் நியாயமான கோரிக்கையாகவே பார்க்கிறேன். மகளிடம் அறை கேட்கும் பெற்றோர், மகன் வீட்டில் தங்களுக்கு என்றும் இடமுண்டு என்பதை அவ்வளவு உறுதியாக நம்பவில்லை என்றும் இதைப் படிக்கலாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கும் மகளுக்கும் உண்டு. குறைவாகப் பெற்றவருக்குக் கடமை இல்லாமல் போய்விடாது. தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாது என்று அறிவிக்கவும் அச்சட்டம் வழி செய்கிறது. அதற்கான மனு உங்கள் பகுதியில் சேலம் கோட்டாட்சியரிடம் போகும். பெரும்பாலும் வீடு, நிலம் தொடர்பாகவே இந்தப் பிரிவு பயன்படுகிறது என்றாலும், சொத்து என்பதில் அசையும் சொத்தையும் அச்சட்டம் சேர்த்திருக்கிறது. பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்குச் சட்டத்தில் திறந்திருக்கும் ஒரே சிறு கதவு இதுதான். பெற்றோரை வைத்துக் காப்பாற்றும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அண்ணனுக்குக் கொடுத்த 40 லட்சம்தான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது. பட்டறை வருமானத்தில் அப்பா தாமே சம்பாதித்த பணம் என்றால், அதை அவர் யாருக்கும் கொடுக்கலாம். கணக்குக் கேட்க உங்களுக்குச் சட்ட உரிமை இல்லை. உயில் இல்லாமல் அவர் காலமானால், மிச்சமிருக்கும் சொத்து அம்மா, அண்ணன், உங்களுக்குச் சமமாகப் பிரியுமே தவிர, அண்ணன் ஏற்கெனவே வாங்கிய 40 லட்சத்தைக் கழித்துக்கொண்டு பிரிக்க வேண்டும் என்ற விதி நம் வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசும்போது பெரியவர்கள் வாங்கியதைக் கழித்துப் பார்ப்பதுண்டு, நீதிமன்றம் கழிக்காது. ஆகவே சமன் செய்ய வேண்டும் என்றால், அப்பா உயிலில் அதை எழுதி வைத்தால் மட்டுமே நடக்கும். அந்த 40 லட்சத்தில் பூர்வீகத் தோட்டத்தின் வருமானமோ, தோட்டத்தின் ஒரு பகுதியை விற்ற பணமோ கலந்திருந்தால் மட்டும் பேச்சு மாறும். பூர்வீகச் சொத்தைப் பாசத்தின் பேரில் ஒருவருக்குத் தானமாகக் கொடுக்கக் குடும்பத் தலைவருக்கு அதிகாரம் இல்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தொழிலுக்காக மகனுக்குக் கொடுத்தது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, மகளுக்குக் கொடுத்தது வெளியே போகிறது என்று எண்ணும் தலைமுறை உங்கள் அப்பாவுடையது. தோட்டம் துண்டாடப்படக் கூடாது என்ற கவலையும் அவருக்கு இருக்கலாம். அந்தக் கவலைக்கு வேறு வழிகள் உண்டு. தோட்டத்தை அண்ணனே வைத்துக்கொள்வது என்றால், அதன் சந்தை மதிப்பில் உங்கள் பங்குக்குரிய தொகையை ஈடாகத் தந்து, எல்லோரும் கையெழுத்திடும் பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதலாம். அந்தக் கணக்கில் 15 லட்சத்தையும் சேர்த்துக்கொள்ள நீங்கள் ஒப்புக்கொள்ளலாம், அண்ணனின் 40 லட்சமும் அதே கணக்கில் வந்தால்.

அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை, கடைக்கால் எடுக்க வேண்டும் என்றால், பணத்தை மட்டும் தனியாக முடியுங்கள். அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேரடியாக வரட்டும்; உங்கள் கணவர் கணக்குக்கோ ஒப்பந்ததாரருக்கோ போக வேண்டாம். ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரக்கூடும். பெற்றோர் தரும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவானாலும், வருமான வரி கிடையாது. மனை கணவர் பெயரில் இருப்பதால், இந்தப் பணம் கட்டுமானத்தில் போனபின் உங்களுக்கென்று எதுவும் எழுத்தில் மிஞ்சாது. மனையில் ஒரு பகுதியை அவர் உங்களுக்கு செட்டில்மெண்ட் எழுதி வைப்பது பற்றியும் இருவரும் பேசுங்கள். அண்ணனிடம் சமத்துவம் கேட்கும் நீங்கள் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கூடவே அப்பாவிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ன தேதியில் இன்ன தொகையை மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன், இது கடன் அன்று, ஏற்காடு தோட்டத்திலோ என் பிற சொத்துகளிலோ அவளுக்குள்ள அல்லது வரக்கூடிய பங்குக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதும் அன்று என்ற மூன்று செய்திகள் அதில் இருந்தால் போதும். பணம் அசையும் சொத்து என்பதால் பதிவு தேவையில்லை. அப்பாவின் கையெழுத்தும் தேதியும் முக்கியம். "அப்பா, பணத்துக்கு நன்றி. தோட்டத்தைப் பற்றி அண்ணனையும் வைத்துக்கொண்டு தனியாகப் பேசுவோம், அதை இதோடு சேர்க்க வேண்டாம்" என்று நேரில் சொல்லிவிட்டே கடிதத்தைக் கேளுங்கள், வழக்கறிஞர் அறிவிப்பு போல அவர் கையில் போய்ச் சேர வேண்டாம்.

அவர் மறுத்து, விடுதலைப் பத்திரம் இல்லாமல் பணமில்லை என்று உறுதியாக நின்றால், மறுப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 15 லட்சத்தை வங்கியில் வீட்டுக்கடனாக வாங்கினால், ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 13,000 ரூபாய் வரும். அந்தத் தவணையை உங்கள் குடும்பம் தாங்குமா என்பதையும், தோட்டத்தின் காகிதங்கள் உங்களுக்கு ஓர் ஏக்கர் உண்டு என்று சொல்கின்றனவா இல்லையா என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, கையெழுத்தைப் பற்றி முடிவெடுங்கள்.