எடையைக் குறைத்து டிரெட்மில்லில் நடப்பது: கேட்டவர்களுக்கு ஒரு பிசியோவின் பதில்கள்

பக்கவாதம் வந்தவர்களையும் முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களையும் திரும்ப நடக்க வைப்பதுதான் என் தினசரி வேலை. உடல் எடையில் ஒரு பகுதியைத் தானே தாங்கிக் காலுக்குப் பாரத்தைக் குறைக்கும் டிரெட்மில் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், கயிற்றில் தொங்குவது, காற்றுப் பைக்குள் நிற்பது என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

பதில்: நோக்கம் ஒன்று, வழி வேறு. மூத்தது ஹார்னஸ். மார்பையும் இடுப்பையும் சுற்றிப் பட்டைகள் கட்டி மேலேயிருந்து தூக்கிப் பிடிப்பார்கள். முதுகுத் தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகள்கூட, பின்பகுதியைத் தாங்கிப் பிடித்து ஓடும் பெல்ட்டில் விட்டால் பயிற்சியில் பின்னங்கால்களை எடுத்து வைத்து நடக்கின்றன என்று ஆய்வகங்களில் பார்த்தார்கள். அங்கிருந்துதான் 1980களில் மாண்ட்ரியலில் ஹியூக் பார்போ போன்றவர்கள் இதை மனிதர்களிடம் கொண்டுவந்தார்கள்.

காற்று வகை நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் வேலன் யோசித்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் முதலில் நினைத்தது நேர் எதிர்: விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்களைக் காற்றழுத்தத்தால் டிரெட்மில்லோடு அழுத்தி வைப்பது. அதையே திருப்பிப் போட்டால் பூமியில் ஆளைத் தூக்கலாம். ஜிப் வைத்த இறுக்கமான ஷார்ட்ஸை மாட்டி, இடுப்புக்குக் கீழே உள்ளதை ஒரு பைக்குள் அடைத்துக் காற்றை ஏற்றுகிறார்கள். பெரிய அழுத்தமெல்லாம் வேண்டாம். இடுப்பின் குறுக்குப் பரப்பு 800 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட 4 சதவீதம் கூடினாலே சுமார் 33 கிலோவைத் தூக்கிவிடும். 70 கிலோ ஆளுக்கு அது கிட்டத்தட்டப் பாதி எடை.

கேள்வி: அப்படியென்றால் 40 சதவீதம் குறைத்தால் என் காலும் 40 சதவீதம் லேசாகிவிடுமா? எனக்குப் பாதம் சரியாகத் தூக்க வராது.

பதில்: ஆகாது. நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். தூக்குவது இடுப்பை. தரையில் ஊன்றிய காலுக்குப் பாரம் குறைகிறது, சரி. ஆனால் காற்றில் வீசும் காலுக்கு அதன் முழு எடையும் அப்படியே இருக்கிறது. அதனால் பாதம் தூக்க வராதவருக்கு இந்த இயந்திரத்திலும் கட்டைவிரல் பெல்ட்டில் உரசத்தான் செய்யும். நான் திரையில் ஓடும் எண்களைப் பார்ப்பதைவிட அந்த 'சரக், சரக்' சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன், பத்தாவது நிமிடத்தில் அது கூடினால் தசை களைத்துவிட்டது, அன்றைக்கு அவ்வளவுதான். உங்களுக்குக் கணுக்கால் பட்டையோ பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்து வைக்க ஒரு ஆளோ வேண்டும். தண்ணீருக்குள் நடப்பது வேறு கதை, அங்கே மூழ்கிய காலையும் தண்ணீர் தாங்குகிறது, பதிலுக்கு வேகமாக வீசவிடாமல் இழுக்கவும் செய்கிறது.

கேள்வி: எவ்வளவு குறைக்கலாம்? அதிகம் குறைத்தால் நல்லதுதானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருவருக்குப் பயம் போகட்டும் என்று பாதிக்கு மேல் தூக்கிவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு, கீழே பார்த்தால் குதிகால் பெல்ட்டைத் தொடவே இல்லை, நுனிக்காலில் துள்ளிக்கொண்டிருக்கிறார். அந்த நடையைப் பழகி என்ன பயன்? நரம்புப் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 30, 40 சதவீதத்தில் தொடங்குவோம். ஊன்றும்போது முழங்கால் மடங்காமலும் உடம்பு நிமிர்ந்தும் இருக்க எவ்வளவு குறைவான தூக்கல் போதுமோ அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். இந்த வசதி உள்ள இடம் தூரத்தில் இருக்கிறது. வீட்டில் பிசியோ வந்து செய்வதைவிட இது மேலானதா?

பதில்: மேலானது என்று சொல்ல முடியாது. 2011-இல் வெளியான லீப்ஸ் என்ற பெரிய ஆய்வில் பக்கவாதம் வந்த 408 பேரைப் பிரித்து, சிலருக்கு இந்த டிரெட்மில் பயிற்சியும் சிலருக்கு வீட்டிலேயே பிசியோ மேற்பார்வையில் வலு, சமநிலைப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து மொத்தத்தில் 52 சதவீதம் பேரின் நடை ஒரு படி மேலே போயிருந்தது, குழுக்களுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. டிரெட்மில் குழுவில் பயிற்சியின்போது தலைசுற்றல் அதிகம் வேறு. எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. இயந்திரம் எதையும் குணப்படுத்தாது, கீழே விழாமல் ஆயிரம் அடி எடுத்து வைக்க வழி செய்கிறது, அவ்வளவுதான். அந்த அடிகள் வீட்டுக் கூடத்திலேயே பாதுகாப்பாகக் கிடைத்தால் அங்கேயே நடக்கட்டும். அப்பா எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தால், அப்போது இந்த ஹார்னஸ் எங்கள் முதுகையும் காப்பாற்றும், அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் தூர ஓட்டக்காரி. கணைக்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓடி ஓடி வந்த மெல்லிய விரிசல். காற்று டிரெட்மில்லில் ஓடினால் ஃபிட்னஸ் போகாதா?

பதில்: பெருமளவு காப்பாற்றலாம், காற்று வகைக்கு மவுசு வந்ததே ஓட்டக்காரர்களால்தான். ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலிலும் உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு விசை தரையிலிருந்து வருகிறது. எடையைக் குறைத்தால் அது இறங்கும், கூடவே இதயத்துக்கான வேலையும் இறங்கிவிடும், அதனால் பழைய நாடித்துடிப்பு வர வேகத்தைக் கூட்ட வேண்டும். இங்கேதான் பொறி. வேகம் கூடக்கூட எலும்புக்கான அடியும் திரும்ப ஏறும், தொடைப் பின்தசையும் முழுப் பாரத்தோடு காலை வீசிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் முழு எடையில் வலியில்லாமல் நடக்க வர வேண்டும், டாக்டர் சரி சொல்ல வேண்டும், அப்புறம் குறைந்த எடையில் மெதுவான ஓட்டம். ஒரே நாளில் எடை, வேகம், நேரம் மூன்றையும் ஏற்றாதீர்கள், ஏதாவது ஒன்று. இரவிலோ மறுநாள் காலையிலோ அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் வலிக்கிறதா? ஒரு படி பின்னால் வாருங்கள்.

கேள்வி: உடம்பு இளைக்க இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: அதே வேகத்தில் கலோரி குறைவாகத்தான் செலவாகும். ஆனால் முழங்கால் வலியால் ஐந்து நிமிடம்கூட நடக்க முடியாதவர் இதில் அரை மணி நேரம் நடந்தால் அது லாபம்.

கேள்வி: கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாமா? யாரெல்லாம் ஏறக்கூடாது?

பதில்: விரல் நுனியால் தொட்டுக்கொள்ளுங்கள். கையை ஊன்றிச் சாய்ந்தால் திரையில் 30 சதவீதம் என்றிருக்கும், உண்மையில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. காலில் ரத்தக்கட்டி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சேராத எலும்பு முறிவு, பட்டை அழுத்தும் இடத்தில் ஆறாத புண், குடலிறக்கம், சமீபத்திய வயிற்று ஆபரேஷன், கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். ஹார்னஸில் தொடையிடுக்குப் பட்டை வெட்டினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், நிறுத்திச் சரிசெய்ய இரண்டு நிமிடம்தான், சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கோணலாக நடப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரியும் மேடம்... மன்னிக்கவும், சார்?

பதில்: பரவாயில்லை. இயந்திரத்திலிருந்து இறங்கியதும் தரையில் பத்து மீட்டர் நடக்கச் சொல்லி ஸ்டாப்வாட்சில் நேரம் குறிப்பேன். டிரெட்மில்லில் வேகம் ஏறிக்கொண்டே போய், இந்தப் பத்து மீட்டர் நேரம் இரண்டு மூன்று வாரமாக அசையாமல் நின்றால் அடுத்த நாளிலிருந்து ஹார்னஸைக் கழற்றிவிட்டு வராந்தாவில்தான் பயிற்சி.