ராஜநீதி நூல்களைக் குழுவாக வாசிக்க எதை, எந்த வரிசையில் எடுப்பது?

கேள்வி: எட்டுப் பேர், மாதம் ஒரு கூட்டம், ஐந்து மாதம். இடைக்கால, மறுமலர்ச்சிக் கால அரசர்களுக்காக எழுதப்பட்ட நூல்களில் எவற்றைத் தேர்வது?

மறுமலர்ச்சிக் கால இத்தாலியரான மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ நூலில் தொடங்காதீர்கள். 26 சிறிய அத்தியாயங்கள்தானே என்று எல்லோரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். 15 முதல் 19 வரையிலான அத்தியாயங்களில் அவர் யாரோடு மல்லுக்கு நிற்கிறார் என்று தெரியாவிட்டால், கூட்டம் ‘இவர் நல்லவரா கெட்டவரா’ பட்டிமன்றமாக முடியும். அரசன் கொடையாளி, இரக்கமுள்ளவன், சொல் தவறாதவன் என்று நூற்றாண்டுக் கணக்கில் எழுதி வந்ததைத்தான் அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறார். ஆகவே அவரைக் கடைசிக் கூட்டத்துக்கு வையுங்கள்.

முதல் கூட்டத்துக்கு ஆங்கிலேயத் திருச்சபை அறிஞர் சாலிஸ்பரி ஜானின் ‘பொலிக்ராட்டிகஸ்’ (1159). எட்டுப் பாகமும் வேண்டாம். அரசன் தலை, உழவர் பாதம் என்று நாட்டை உடலாக விவரிக்கும் 5, 6ஆம் பாகங்களில் நாற்பது பக்கம் போதும். அதே உவமையை 1400களின் தொடக்கத்தில் பிரான்ஸில் எழுதிய கிறிஸ்டீன் தெ பிசான் கையாளும் ‘அரசியல் உடலின் நூல்’ மூன்றாவது கூட்டத்துக்கு. இரண்டுக்கும் நடுவே நிஜாமுல் முல்க்கின் ‘சியாசத்நாமா’. அவர் பாரசீகத்தை ஆண்ட செல்ஜூக் துருக்கியரின் அமைச்சர்; உபதேசத்தைவிட நிர்வாகம்தான் அதிகம். வாரம் இரண்டு நாள் அரசன் நேரில் அமர்ந்து முறையீடு கேட்க வேண்டும் என்னும் 3ஆம் அத்தியாயம், வரி வசூலிப்போர் பற்றிய பகுதி, ஒற்றர் பற்றிய பகுதி மூன்றும் போதும். பின்பகுதியில் இஸ்மாயிலிகள் (ஷியா இஸ்லாமின் ஒரு பிரிவினர்) மீது கடும் வசை வரும். அந்தக் காலத்துப் பூசலை முன்கூட்டியே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

நான்காவது கூட்டத்துக்கு டச்சு அறிஞர் எராஸ்மஸின் ‘கிறிஸ்தவ இளவரசனின் கல்வி’ (1516), பின்னாளில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆன இளம் சார்லஸுக்கு எழுதியது. பொன்மொழிக் கோவை போல இருப்பதால் முழுதாக வாசித்தால் அலுக்கும், பாதிப் பேர் கைவிடுவார்கள். ஆசிரியரைத் தேர்வதைப் பற்றிய தொடக்கப் பக்கங்களையும் போர் பற்றிய கடைசி அத்தியாயத்தையும் மட்டும் எடுங்கள். ‘இளவரசன்’ 1513இல் எழுதப்பட்டாலும் அச்சானது 1532இல்தான். ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் பதில் எழுதினார்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

பதிப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். மாக்கியவெல்லி அடிக்கடி கையாளும் ‘விர்த்து’ என்னும் இத்தாலியச் சொல் ஒரு மொழிபெயர்ப்பில் திறமை, இன்னொன்றில் வீரம், மற்றொன்றில் நற்குணம் என்று மாறும். ஆளுக்கொரு பதிப்பு வைத்திருந்தால் அரை மணி நேரம் இதிலேயே போகும். சியாசத்நாமா தவிர மற்ற நான்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அரசியல் சிந்தனை வரலாற்றுத் தொடரில் ஆங்கிலத்தில் உண்டு. அதில் பொலிக்ராட்டிகஸ் சுருக்கப் பதிப்புதான், உங்களுக்கு அதுவே வசதி.

ஐந்தாம் கூட்டத்துக்கு ஒரு பக்க நகல் தனியாக எடுத்து வாருங்கள். பண்டைய ரோமானியர் சிசரோவின் ‘கடமைகள்’ முதல் பாகத்தில், வன்முறை சிங்கத்துக்கு, வஞ்சகம் நரிக்கு, இரண்டுமே மனிதனுக்கு ஒவ்வாதவை என்று வரும் இடம். அதை உரக்கப் படித்துவிட்டு உடனே, அரசன் சிங்கமாகவும் நரியாகவும் இருக்க வேண்டும் என்னும் ‘இளவரசன்’ 18ஆம் அத்தியாயத்தைத் திறங்கள்.